மூல ஆதாரம் யார் கையில்?

காஞ்சிரங்குளம் பக்கம் வீடு வாங்க நினைப்பவர், விற்க நினைப்பவர், வாடகைக்கு விட நினைப்பவர் என்று மூன்று தரப்பினரும் கேட்கும் கேள்விகள் வெவ்வேறு. ஆனாலும் ஒரு சாயாவை வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினால் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: அந்த வீட்டின் மூல ஆதாரம் இப்போது யார் கையில் இருக்கிறது? களியக்காவிளைக்குத் தெற்கே பத்திரம் என்கிறோமே, அதைத்தான் இங்கே ஆதாரம் என்கிறார்கள். சார்பதிவாளரின் முத்திரை பதிந்த அசல் காகிதம். நகல் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். அசல் ஒன்றுதான். அது வீட்டு அலமாரியில் இருக்கிறதா, வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து மற்றதெல்லாம் மாறும்.

இதை இப்போது சொல்ல அவசரம் இருக்கிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தை 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை நாலுவழிப் புறவழிச்சாலை வந்துவிட்டது. காஞ்சிரங்குளம், பூவாறு, பாறசாலை எங்கும் இடத்தின் விலை ஏறுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போனதில், ஒரே குடும்பம் எல்லைக்கு இருபுறமும் ஆகிவிட்டது. அண்ணன் கொல்லங்கோட்டில், தங்கை காஞ்சிரங்குளத்தில். ஒருவருக்குத் தெரிந்த சட்டம் மற்றவர் ஊரில் செல்லாது.

முதலில் பணயம். தமிழ்நாட்டில் ஒத்தி என்பார்கள். 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது அந்த 5 லட்சத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போவது. கேட்க இரண்டு பேருக்கும் நல்லதாகத்தான் இருக்கிறது. மகன் வளைகுடா போக விசாவுக்குப் பணம் வேண்டும், மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். வீட்டுக்காரருக்கு வட்டி இல்லாமல் கிடைக்கிறது. குடிவருகிறவருக்கு மாத வாடகைக் கவலை இல்லை. முத்திரைத் தாளில் 11 மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள்.

இப்படிக் குடியிருப்பவர்கள் எத்தனை பெரிய ஆபத்தின் மேல் இருக்கிறார்கள் என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அந்த வீட்டின் ஆதாரம் ஏற்கெனவே வங்கியில் இருக்கலாம். கடன் தவணை நின்றால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அதன் பிறகு மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் உத்தரவோடு வீட்டைக் கைப்பற்றலாம். வாசலில் வந்து நிற்கும் அதிகாரியிடம் 11 மாத ஒப்பந்தத்தைக் காட்டிப் பயனில்லை. பதிவு செய்யாத வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் வீட்டைப் பிடித்துவைக்க முடியாது என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டை ஏலம் போட்டால் வங்கியின் கடனுக்குப் போக மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு. 5 லட்சம் கொடுத்தவர் சிவில் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான்.

பணயத்தைச் சட்டப்படி செய்ய வழி உண்டு. வீட்டைக் கைமாற்றி ஈடாகப் பணம் வாங்குவது சொத்து மாற்றச் சட்டத்தில் அனுபவ அடமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் அதைப் பதிந்தே ஆக வேண்டும். பதிந்த பணயாதாரம் வில்லங்கச் சான்றில் ஏறும். பிறகு அந்த வீட்டை வாங்குகிறவரும் கடன் கொடுக்கிற வங்கியும் அதைப் பார்க்காமல் போக முடியாது. முத்திரைத் தீர்வைச் செலவைப் பார்த்துப் பலரும் இதைத் தவிர்க்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கும்போது அந்தச் செலவு பெரிதே இல்லை என்பதுதான் என் முடிவு.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்கிய பணயத்தைச் செலவழித்துவிட்டால், குடியிருப்பவர் போகும்போது அடுத்த பணயக்காரர் வந்து பணம் தந்தால்தான் அவருக்குத் திருப்பித் தர முடியும். அந்தப் புதியவர் வரத் தாமதமானால் வீடு காலியாகாது, மனக்கசப்பு வரும், வழக்கு வரும். கையில் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வகை இல்லாதவர்கள் பணயத்துக்கு விடாமல், முன்பணம் வாங்கிக்கொண்டு மாத வாடகைக்கு விடுவதே நல்லது.

வாங்குவதற்கு வருவோம். "கரம் தீர்த்த ரசீது இருக்கு, வில்லங்கம் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை" என்று சொல்லி முன்பணம் கேட்பார்கள். கரம் கட்டிய ரசீது நிலவரி கட்டியதற்குத்தான் சான்று. உரிமைக்குச் சான்று ஆகாது. வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே வரும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் என்றால் அதற்குரிய ஈட்டு அறிவிப்பான கஹான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சான்றில் தெரியும். ஆனால் வங்கியில் ஆதாரத்தைச் சும்மா ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால் கேரளத்தில் அது பல நேரம் சான்றில் வருவதில்லை. தமிழ்நாட்டில் உரிமைப் பத்திர ஒப்படைப்பை எழுதிப் பதியும் வழக்கம் இருப்பதால், நாகர்கோவில்காரர் வில்லங்கம் சுத்தம் என்றால் கடன் இல்லை என்று நம்பிவிடுகிறார். இங்கே அந்த நம்பிக்கை போதாது. அசலைக் கண்ணால் பாருங்கள். தொலைந்துவிட்டது, நகல் எடுத்திருக்கிறோம் என்றால் அங்கேயே நிறுத்தி, வழக்கறிஞரிடம் போங்கள். வங்கிகளின் அடமானங்களைப் பதிந்துவைக்கும் மத்தியப் பதிவேடான செர்சாயிலும் தேடச் சொல்லுங்கள்.

அசல் கிடைத்ததும் அதற்கு முந்தைய ஆதாரத்தைக் கேட்க வேண்டும். முன்னாதாரம் என்பார்கள், தமிழ்நாட்டில் தாய்ப்பத்திரம். 30 வருடமாவது பின்னோக்கிப் போனால் நல்லது. பழைய காகிதங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். 825 கூட்டினால் ஏறக்குறைய நம் ஆண்டு வரும். கொல்லம் 1110 என்றால் 1934-35. எல்லைக்குத் தெற்கிலும் 1956-க்கு முந்தைய ஆதாரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில்தான். படிக்கத் தெரியாவிட்டால் நம்பகமானவரிடம் வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லை, அளவு, வழி மூன்றையும் விடாதீர்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. புதிய காகிதங்களில் ஆர் கணக்கில் வரும், 10 சென்ட் என்பது 4.05 ஆர். வீட்டுக்குப் போகிற இடவழி யாருடையது, கார் போக உரிமை ஆதாரத்தில் எழுதியிருக்கிறதா, வெறும் வழக்கமாக விட்டுக்கொடுத்ததா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தாராளமானவராக இருக்கும்வரை இந்தக் கேள்விக்கு அவசியம் வராது. அவர் பிள்ளைகள் காலத்தில் வரும்.

தெற்கிலிருந்து வருகிறவர்கள் ஏமாந்துபோகிற இன்னொரு இடம் உண்டு. கிராம அலுவலகத்தின் அடிப்படை வரிப் பதிவேட்டில் இடத்தின் வகையைப் பாருங்கள். புரையிடம் என்றிருந்தால் வீடு கட்டும் இடம். நிலம் என்றிருந்தால் நெல்வயல் என்றே பொருள். வீட்டுமனையாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்று தென்னையும் வாழையும் நின்றாலும், மண் போட்டு உயர்த்தியிருந்தாலும் பதிவேட்டில் நிலம் நிலம்தான். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அங்கே வீடு கட்டப் பஞ்சாயத்து எளிதில் அனுமதி தராது. அந்தச் சட்டப்படி தயாரித்த நெல்வயல் பட்டியலான தரவு வங்கியில் ஏறாத இடமாக இருந்தால் 2018 திருத்தத்தின்படி கோட்டாட்சியருக்கு விண்ணப்பித்து மாற்றிக்கொள்ள வழி உண்டு. தரவு வங்கியில் இருந்தால் முதலில் அதிலிருந்து நீக்க வேண்டும். இதெல்லாம் விற்கிறவர் செய்து முடித்துத் தரட்டும். வாங்கிய பின் நீங்கள் அலைய வேண்டாம்.

குடும்பச் சொத்து என்றால் பெண்மக்கள் கையெழுத்து. இதை அழுத்திச் சொல்கிறேன். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்று வைத்திருந்தது. அந்தச் சட்டமே நெய்யாற்றின்கரை முதலான தாலுகாக்களில் ஆண், பெண் சமமாகப் பங்கிடும் வழக்கமுள்ள கிறிஸ்தவர்களுக்கு விலக்கும் கொடுத்திருந்தது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு என்று தீர்ப்புச் சொன்னது. "அவளுக்குக் கல்யாணத்திலே கொடுத்தாச்சு" என்பது வீட்டில் செல்லும், பதிவு அலுவலகத்தில் செல்லாது. கட்டிக்கொடுத்த தங்கை மார்த்தாண்டத்தில் இருந்தாலும் மஸ்கட்டில் இருந்தாலும் அவர் ஒப்பமிட்ட ஒழிமுறியோ (விடுதலைப் பத்திரம்) பாகப்பிரிவினையோ இல்லாமல் வாங்காதீர்கள். வாங்குகிறவரின் பாதுகாப்பு ஒருபக்கம். அந்தப் பெண்ணின் பங்கு அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் அதே அளவு எனக்கு முக்கியம்.

வாடகைக்கு விடுவதில், 11 மாத ஒப்பந்தம் முடிந்தால் குடியிருப்பவர் போய்விட வேண்டும் என்று நம்பியிருக்கிறவர்கள் நிறைய. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த வழக்கம்தான் அந்த 11. கேரளத்தில் 1965-ஆம் ஆண்டின் கட்டட வாடகைச் சட்டம் அமலில் உள்ள பகுதிகளில், காலம் முடிந்தது என்பது மட்டும் காரணமாகாது. வாடகை பாக்கி, சொந்தத் தேவை, உள்வாடகை போல அந்தச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை வாடகை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். எல்லை தாண்டினால் வேறு சட்டம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. எந்தப் பக்கமானாலும் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தி ஆளை வெளியேற்றப் பார்க்காதீர்கள். சட்டமும் அனுமதிக்காது, நியாயமும் ஆகாது. வீட்டு இணைப்பு மின்சாரத்தில் குடியிருப்பவர் கடை தொடங்கினால் அதன் அபராதம் இணைப்புக்காரர் பெயரில்தான் வரும். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

கடைசியாக விற்பவர்களுக்கு. இங்கே கிரயப் பத்திரமான விலையாதாரத்துக்கு முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தமிழ்நாட்டில் 7-ம் 2-ம். அதைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதி மிச்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள். வீடு, நிலம் சம்பந்தமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் போட முடியும். முன்பணமும் இதில் அடங்கும். வங்கி வழியே வாங்குங்கள்.

வளைகுடாவில் இருப்பவர் ஊரில் அண்ணன் பெயரில் முக்தியார், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதி அனுப்புவது வழக்கம். விற்க அதிகாரம் கொடுப்பதற்கு அது போதும். ஆனால் முக்தியாரை வாங்கிக்கொண்டு அதையே கிரயமாக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதனால் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்கிறவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்குகிறவர் வருமான வரியைப் பிடித்துக் கட்டித்தான் மீதியைத் தர வேண்டும். உள்ளூர் விற்பனையில் 50 லட்சத்திலிருந்துதான் இந்தப் பிடித்தம் வரும், அதுவும் 1 சதவீதம். வெளிநாட்டில் குடியிருப்பவர் விஷயத்தில் பிடித்தம் அதைவிட எவ்வளவோ அதிகம். குறைந்த வீதத்தில் பிடிக்க வருமான வரி அதிகாரியிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். அதற்கு வாரங்கள் ஆகும் என்பதால் விற்பனை ஒப்பந்தமான உடம்படி எழுதும் நாளிலேயே விண்ணப்பியுங்கள்.

பதிவு முடிந்தபின் கிராம அலுவலகத்தில் போக்குவரவு என்னும் பெயர் மாற்றம் செய்து புதியவர் பெயரில் கரம் ஏற வேண்டும். வீட்டின் உடமைப் பெயரைப் பஞ்சாயத்தில் தனியாக மாற்ற வேண்டும், மின் இணைப்பை மின்வாரியத்தில் மாற்ற வேண்டும். விற்றவர்கள் இதில் அக்கறை காட்டுவதில்லை. காட்ட வேண்டும், மாறாதவரை வரி பாக்கிக்கும் மின் கட்டணப் பாக்கிக்கும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.