மறைகுறிப்புக் குறுக்கெழுத்து

மறைகுறிப்புக் குறுக்கெழுத்து என்பது, குறிப்புகள் நேரடியாகப் பொருள் கூறாமல் சொல்விளையாட்டின் வழியே விடையை மறைத்துத் தரும் குறுக்கெழுத்துப் புதிர் வகையாகும். இங்கிலாந்தில் 1920களில் உருவான இவ்வகைப் புதிர்கள் பிரித்தானியா, இந்தியா, ஆத்திரேலியா முதலிய நாடுகளின் ஆங்கில நாளிதழ்களில் வெளிவருகின்றன. சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து நாளிதழ் 1971 முதல் இவற்றை வெளியிட்டு வருகின்றது.

வழக்கமான குறுக்கெழுத்தில் "சோழர் தலைநகர் (5)" எனக் குறிப்பு இருந்தால், விடை தஞ்சாவூர் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு வேறு வழியில்லை. மறைகுறிப்பில் விடைக்குச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும். ஆகவே பார்வைக்குக் கடினமாகத் தோன்றினாலும், இதில் விடை கண்டவர் அது சரியா என்று மறுநாள் நாளிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வரலாறு

முதல் குறுக்கெழுத்தை ஆர்தர் வின் என்பவர் அமைத்தார். அது 1913 திசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் இதழில் வெளியானது. அதன் குறிப்புகள் நேரடியானவை. இங்கிலாந்தில் இப்புதிர் பரவியபோது, அப்சர்வர் வார இதழில் 1926 முதல் புதிர் அமைத்த எட்வர்ட் பவிஸ் மேதர்ஸ் மறைகுறிப்புகளை மட்டுமே கொண்ட புதிர்களை உருவாக்கினார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்குவிமாடா. இது எசுப்பானியச் சமய விசாரணை மன்றத்தின் தலைவராக இருந்து, கொடுமைக்குப் பெயர் பெற்றவரின் பெயராகும். 1939இல் அவர் இறந்தபின் பொறுப்பேற்ற டெரிக் மக்னட்டும் மற்றொரு விசாரணைத் தலைவரின் பெயரான சிமனீசு என்பதைச் சூடிக்கொண்டார். வாசகர்களை வதைப்பதாக இவர்களே ஒப்புக்கொண்டார்கள் போலும்.

டெய்லி டெலிகிராப் நாளிதழ் 1925இலும், தி டைம்சு 1930இலும் குறுக்கெழுத்தை வெளியிடத் தொடங்கின. 1942 சனவரியில் டெலிகிராப் புதிரைப் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் முடிக்க இயலுமா என்று ஒரு போட்டி நடத்தப்பட்டது. அதில் பங்கேற்றோருள் சிலர் பின்னர் பிளெட்ச்லி பார்க்கில் செருமானிய மறைமொழிகளை உடைக்கும் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர்.

குறிப்பின் அமைப்பு

ஒவ்வொரு மறைகுறிப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று விடையின் பொருள். மற்றொன்று விடையின் எழுத்துகளைக் கட்டியெழுப்பும் வழி. பொருள்பகுதி குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டுமே வரும், நடுவில் வருவதில்லை. அடைப்புக்குறிக்குள் உள்ள எண் விடையின் எழுத்துகளின் எண்ணிக்கையாகும். இரண்டு பகுதிகளும் சேர்ந்து இயல்பான ஒரு சொற்றொடர்போலத் தோன்றும். அத்தோற்றமே பொறி.

கீழுள்ள தமிழ்க் குறிப்புகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

"கதைக்குள் வில்லன் தலைகாட்டினால் செய்யுள் (3)"

படித்தவுடன் திரைப்படக் காட்சி ஒன்று மனத்தில் தோன்றும். அதனை விலக்கிவிட வேண்டும். வில்லன் என்ற சொல்லின் தலை, அதாவது முதலெழுத்து, "வி". அது கதை என்ற சொல்லுக்குள் புகுந்தால் க-வி-தை. செய்யுள் என்பது பொருள்பகுதி. விடை கவிதை.

குறிப்பு வகைகள்

எழுத்துகளைக் கலைத்து அடுக்குவது பரவலாகக் காணப்படும் வகையாகும். "மலையுச்சியில் தகரம் நசுங்கக் கிடைத்த பச்சைக்கல் (5)" என்பதில், மலையின் உச்சி "ம". நசுங்குதல் என்பது எழுத்துகள் இடம் மாற வேண்டும் என்பதற்கான அடையாளம். தகரம் என்பதன் நான்கு எழுத்துகளோடு "ம" சேர்ந்து கலைந்தால் மரகதம் கிடைக்கும். உடைந்த, குழம்பிய, ஆடிய, சிதறிய போன்ற சொற்களும் இவ்வேலையைச் செய்யும்.

"அந்த வளையலில் ஒளிந்து மழைக்குக் குரல் கொடுப்பது (3)" என்பதில் விடை வெளிப்படையாகவே அச்சிடப்பட்டுள்ளது. "அந்த வளையல்" என்பதைச் சொல் இடைவெளியைப் பொருட்படுத்தாது படித்தால் நடுவே தவளை இருப்பதைக் காணலாம். இது எளிய வகை எனினும், கண்முன் இருப்பதாலேயே பலர் தவறவிடுவர்.

"நான்கில் ஒரு பங்கும் பேசும் உறுப்பும் சேர்ந்த நீர்வழி (4)" என்பது துண்டுகளை ஒட்டும் வகை. கால், வாய் ஆகியவை சேர்ந்து கால்வாய். "எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் காவிரி பிறக்குமிடம் (3)" என்பதன் விடை, முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கப்படும் குடகு. "பள்ளிக்கு விடுமுறை, ஆனாலும் சுடும் (3)" என்பதில் கட்டுமானமே இல்லை. இரண்டு பகுதிகளும் ஞாயிறு என்ற ஒரே சொல்லின் இரு பொருள்கள்.

ஆங்கிலத்தில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் குறிப்பு ஒன்று எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ என்னும் எட்டு எழுத்துகள் மட்டுமே கொண்டது. எச் முதல் ஓ வரை என்பதை அம்மொழியில் "எச் டு ஓ" என்பர். விடை தண்ணீரைக் குறிக்கும் ஐந்தெழுத்துச் சொல்.

விடை காணும் முறை

தேர்ந்தவர்கள் குறிப்பைச் சொற்றொடராகப் படிப்பதில்லை. நிறுத்தற்குறிகளை ஒதுக்கிவிட்டு, இரு முனைகளில் எது பொருள்பகுதியாக இருக்கக்கூடும் என்று முதலில் பார்ப்பர். பின்னர், சொற்றொடரில் சற்றே பொருந்தாது நிற்கும் சொல்லைத் தேடுவர். மலையுச்சியில் தகரம் ஏன் நசுங்க வேண்டும் என்று கேட்பதே விடையின் பாதி.

அடுத்த உதவி, குறுக்கே செல்லும் சொற்களிலிருந்து வரும் எழுத்துகள். இங்கே தமிழ் இலக்கணம் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு துணையைத் தருகின்றது. தமிழ்ச்சொல்லின் முதலில் மெய்யெழுத்து வாராது. உயிரெழுத்து சொல்லின் நடுவில் வருவது அளபெடை போன்ற இடங்களில் மட்டுமே. மேற்கண்ட மரகதத்தையே எடுத்துக்கொள்வோம். த, க, ர, ம், ம என்ற ஐந்து எழுத்துகளை 120 வகைகளில் அடுக்கலாம். "ம்" பெரும்பாலும் இறுதியில்தான் நிற்கும் என்று கொண்டால் 24 வகைகளே எஞ்சுகின்றன. முதல் கட்டத்தில் "ம" இருப்பது குறுக்குச் சொல்லால் தெரிந்துவிட்டால் ஆறு மட்டுமே. தவிர, ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் வரக்கூடியவை 26 எழுத்துகள். தமிழில் 247 என்பதால் நிரம்பிய ஒரு கட்டம் சொல்லும் செய்தி மிக அதிகம்.

நேர்மை பற்றிய கருத்து வேறுபாடு

குறிப்பு எவ்வளவு ஏமாற்றலாம் என்பதில் புதிராசிரியர்களிடையே நெடுங்காலமாக ஒத்த கருத்து இல்லை. 1966இல் வெளியான தம் நூலில் சிமனீசு, குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் இலக்கணப்படி தன் வேலையைச் செய்ய வேண்டும், வீண் சொல் கூடாது என்று வகுத்தார். வாசகர் தவறாகப் புரிந்துகொள்ளலாம். ஆனால் குறிப்பு தவறானதைக் கூறியிருக்கக் கூடாது என்பது இதன் அடிப்படை.

கார்டியன் நாளிதழில் அரௌகேரியா என்ற பெயரில் எழுதிய பாதிரியார் ஜான் கிரகாம் இவ்விதிகளை இறுக்கமாகப் பின்பற்றவில்லை. ஆயினும் அவரளவு நேசிக்கப்பட்ட புதிராசிரியர் அரிது. 2013 சனவரியில் வெளியான அவருடைய புதிரொன்றில், சில விடைகளின் எண்களைச் சேர்த்துப் படித்தால் அரௌகேரியாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்றும், வலிதணிப்புச் சிகிச்சை பெறுகிறார் என்றும் தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 91. வாசகர்கள் அச்செய்தியைக் கட்டம் கட்டமாகத் தாங்களே எழுதி அறிந்துகொண்டனர். அவர் அவ்வாண்டு நவம்பரில் காலமானார்.

தமிழில்

தமிழ் இதழ்களின் குறுக்கெழுத்துகளில் நேரடிக் குறிப்புகளே மிகுதி. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்ற திசைகளையும் சேர்ப்பது தமிழ் வழக்கம். அமெரிக்காவிலிருந்து வெளிவந்த தென்றல் மாத இதழில் தமிழ் மறைகுறிப்புப் புதிர்கள் வெளியாகியுள்ளன.

தமிழில் மறைகுறிப்பு அமைப்பவருக்கு வேற்றுமை உருபு ஒரு சிக்கல். "தகரம் நசுங்க" என்று எழுதினால் எழுத்துகள் மாறாது நிற்கின்றன. "தகரத்தை நசுக்க" என்றால் "ம்" மறைந்து "த்தை" வந்துவிடுகின்றது. சிமனீசின் அளவுகோலைத் தமிழுக்குப் பொருத்தினால் இரண்டாவது நேர்மையற்றதே. கதை, வலை, கிளி போன்று உருபேற்றாலும் உருமாறாத சொற்கள் இதனால்தான் புதிராசிரியர்களுக்குப் பெரிதும் பயன்படுகின்றன. ஆறு என்பது எண், நதி, வழி என மூன்றாக நிற்பதுபோல் பலபொருள் ஒருசொற்கள் தமிழில் ஏராளம். அவற்றுள் இதுவரை புதிராக்கப்பட்டவை மிகச் சிலவே.