முத்துக்குளிக்கும் கேம்... உங்கள் வீட்டுப் பிள்ளையே உருவாக்கலாம்!

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கிரேன்கள் கன்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் திரையிலும் அப்படி அடுக்கியே ஒரு கேமை உருவாக்கிவிடலாம் தெரியுமா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-ல் வெளியிட்ட 'ஸ்க்ராட்ச்' இப்படித்தான் இயங்குகிறது. கட்டளைகளை டைப் செய்ய வேண்டாம். வண்ணக் கட்டங்களை மவுஸால் இழுத்து, ஒன்றோடு ஒன்று பொருத்தினால் போதும். தமிழ்நாட்டில் 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்திலும் ஸ்க்ராட்ச் இருக்கிறது. மார்க்குக்காக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோவது நமக்குத்தான் நஷ்டம்.

கடலுக்குள் ஒரு கணக்கு

மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. இன்றைய பிள்ளைகளுக்கு அது தாத்தா, பாட்டி சொல்லும் கதை. அதையே கேமாக்கலாம்.

திரையில் கடல். கல்லைப் பிடித்தபடி மூழ்கும் ஒருவர். அடியில் சிப்பிகள். 'மூச்சு' என்று ஓர் எண், தொடக்கத்தில் 60. ஒவ்வொரு விநாடியும் ஒன்று குறைய வேண்டும். சிப்பியைத் தொட்டால் ஒரு புள்ளி. மூச்சு பூஜ்யமானால் ஆட்டம் முடிந்தது. 'திரும்பத் திரும்பச் செய்', 'இப்படி நடந்தால் அப்படிச் செய்' என்ற புரோகிராமிங்கின் அடிப்படை இதிலேயே வந்துவிடும். கூடவே ஊரின் வரலாறும்!

ஆங்கிலம் தடையா?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான 'ஸ்நாப்' இதே பாணியில் இயங்கும் கட்டற்ற மென்பொருள். தமிழ் மொழியையும் அதில் தேர்ந்தெடுக்கலாம். பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் பிரவுசரில் இயங்கும். வீட்டில் இருப்பது உபுண்டுவா, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸா? இரண்டிலும் பயன்படுத்தலாம், ஒரு பைசா செலவில்லை. செய்த கேமை நண்பனுக்குக் கொடுத்தால், அவன் பிரித்துப் பார்த்து, மாற்றியும் அமைக்கலாம். ஆசிரியர்களும் இதேபோல் வாய்ப்பாடு, வேதியியல் குறியீடு என எந்தப் பாடத்தையும் விளையாட்டாக்கலாம்.

போனில் கேம் விளையாடும் பிள்ளையிடம் 'வை கீழே' என்று சத்தம் போடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். முத்துக்குளித்த கதையை நீங்கள் சொல்லுங்கள். கேமை அவர்கள் செய்யட்டும்!