இரவை அளக்கும் செடி

பெங்களூருவில் 2024 நவம்பரில் ஒரு பெண் தன் வீட்டு பால்கனித் தோட்டத்தைப் படம்பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார். மொத்தம் 17 தொட்டிகள். இரண்டில் மட்டும், ஒரே காம்பின் நுனியிலிருந்து ஐந்தாகவும் ஏழாகவும் பிரிந்து நீண்ட, ரம்பப்பல் விளிம்பு கொண்ட இலைகள். பார்த்தவர்களில் யாரோ போலீசுக்குச் சொல்லிவிட, கணவன் மனைவி இருவரும் கைதானார்கள். பறிமுதல் ஆனது 54 கிராம் கஞ்சா. போலீஸ் வருவது முன்கூட்டியே தெரிந்து செடிகளைப் பிடுங்கி எறிந்திருந்தார்களாம். தொட்டியில் உதிர்ந்து கிடந்த இலைகள் காட்டிக்கொடுத்துவிட்டன என்று அப்போது செய்தி வந்தது.

லைக்குக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டார்கள் என்று சிரித்துவிட்டு எல்லோரும் அடுத்த செய்திக்குப் போனார்கள். எனக்கு வேறொரு கேள்வி வந்தது. அதே விதை கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் கீழவீதியிலோ ஒரு பால்கனித் தொட்டியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டப்படி என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. தாவரவியல்படி என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். கோர்ட் வட்டாரத்தில் என்.டி.பி.எஸ். என்று சொல்லும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கஞ்சா என்றால் பூத்த அல்லது காய்த்த நுனி. விதையும், நுனியோடு சேராத இலையும் அந்த வரையறைக்குள் வராது. இதைப் பிடித்துக்கொண்டு ‘செடி இன்னும் பூக்கவில்லையே ஐயா’ என்று வாதாட முடியாது. வளர்ப்பதற்கான தடை கன்னாபிஸ் பேரினத்தின் எந்தச் செடிக்கும் பொருந்தும். ஆண், பெண், பூத்தது, பூக்காதது எல்லாம் ஒன்றுதான். வைத்திருந்த குற்றத்துக்கு எடைக்குத் தக்கபடி தண்டனை மாறும். வளர்த்த குற்றத்துக்கு அந்த எடைக்கணக்கு கிடையாது. 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொட்டி ஒன்றா நூறா என்று சட்டம் கேட்பதில்லை.

இனி செடிக்கு வருவோம். இதை வளர்ப்பது பற்றி உலகம் முழுக்கச் சுற்றும் குறிப்புகள் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமையும் கலிபோர்னியாவையும் மனத்தில் வைத்து எழுதியவை. ஆம்ஸ்டர்டாமில் ஜூன் மாதப் பகல் 16 மணி 48 நிமிடம் வரை நீளும். அந்த நெடும்பகல் இருக்கும்வரை செடி தண்டும் இலையுமாக ஏறிக்கொண்டே போகும். ஆகஸ்டில் பகல் போதிய அளவு சுருங்கியதும் பூவுக்குத் திரும்பும். கடலூரோ வட அட்சம் 11.75 பாகையில் இருக்கிறது. ஆனி மாதத்தில் நமக்குக் கிடைக்கும் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 49 நிமிடம். மார்கழியின் மிகக் குறுகிய பகல் 11 மணி 26 நிமிடம். ஆண்டு முழுவதும் அலசினாலும் வித்தியாசம் ஒன்றரை மணிக்கு உள்ளே. அந்த நெடும்பகல் நாடுகளின் ரகங்கள் பலவும் பகல் 14 மணிக்குக் கீழே இறங்கினாலே பூக்கத் தொடங்குபவை. அந்த விதையைப் பொறுத்தவரை கடலூரில் வருடம் பூராவும் கோடைகாலம் முடிந்துபோன நிலைதான். முளைத்துக் கொஞ்ச நாளிலேயே, முழங்கால் உயரம்கூட வராமல் பூத்து, ஆயுளை முடித்துக்கொள்ளும்.

இடுக்கி மலைச்சரிவில் நெடுங்காலமாகப் பழகிய நாட்டு ரகங்கள் அப்படியில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் கிட்டத்தட்ட சமமாக இருக்கும் பகலிரவுக்குத் தக்கபடி அவற்றின் கணக்கு மாறியிருக்கிறது. நிதானமாக வளர்ந்து, மெதுவாகப் பூப்பவை அவை.

செடிகள் இப்படிக் கணக்கு வைக்கின்றன என்பதே மனிதருக்குத் தெரியாமல்தான் இருந்தது. அதை முதலில் மோப்பம் பிடித்தவர் ஜூலியன் தூர்னுவா என்ற பிரெஞ்சு இளைஞர். அவருக்குக் கைகொடுத்தது இதே கஞ்சாச் செடியின் இனம். பாரிஸில் குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் சணல் கஞ்சாவையும் ஜப்பானிய ஹாப் கொடியையும் விதைத்தார். வெளியில் பல மாதம் வளர்ந்த பிறகே பூக்க வேண்டிய செடிகள், நான்கைந்து இலை விட்டதுமே பூத்து நின்றன. சூடா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தார். மிஞ்சியது வெளிச்சம். 1912-இல் முதல் கட்டுரை வந்தது. 1914-இல் இன்னும் ஒரு படி மேலே போய், பகல் குறைவதைவிட இரவு நீள்வதுதான் காரணம் போலிருக்கிறது என்று எழுதினார். அந்த ஆண்டே உலகப்போர் வெடித்தது. தூர்னுவா போரில் மாண்டார்.

ஆறு ஆண்டு கழித்து, 1920-இல், அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் புகையிலையை வைத்து அதே உண்மையை விரிவாக நிரூபித்தார்கள். பெயரும் புகழும் அவர்களுக்குப் போயிற்று. அளக்கப்படுவது பகலா இரவா என்ற கேள்வி தீர 1938 ஆயிற்று. ஹாம்னர், பானர் என்ற இருவர் எடுத்துக்கொண்டது மருளூமத்தைச் செடி. நம் ஊர் வேலியோரத்தில் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வரும் முள்காய்ச் செடிதான் அது. பகலுக்கு நடுவே செடியைச் சிறிது நேரம் இருட்டில் வைத்தால் அது கண்டுகொள்ளவில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டதும் பூப்பது நின்றுபோனது. தூர்னுவா சொன்னது சரியாயிற்று. கேட்க அவர் இல்லை.

உள்ளே நடப்பது சுருக்கமாக இது. இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பொளி பட்டால் ஒரு வடிவம், இருட்டில் மெல்ல மறு வடிவம். செடிக்குள் ஓடும் நாள்-கடிகாரமும் இந்த நிறமியும் ஒத்துப்போகும்போது, ‘இரவு போதிய அளவு நீண்டுவிட்டது’ என்ற முடிவு இலையில் எடுக்கப்படுகிறது. அந்தச் சேதியைச் சுமந்துகொண்டு ஒரு சிறு புரதம் சாற்றோடு குருத்து நுனிக்குப் போகிறது. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1930-களிலேயே ரஷ்யாவின் சைலாக்யான் ஊகித்து, ஃபுளோரிஜன் என்று பெயரும் வைத்துவிட்டார். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தது 2007-இல். பிடிபட்ட செடிகளில் ஒன்று நெல்.

நெல் என்றதும் சிதம்பரத்துக்காரர்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். வீராணம் பாசனத்திலும் கொள்ளிடக்கரையிலும் பழைய சம்பா ரகங்கள் போட்டவர்கள் சொல்வது: ஆடியில் விட்டாலும் ஆவணியில் விட்டாலும் அறுப்பு என்னவோ தையில்தான். முந்தி விதைத்த பயிர் வயலில் கூடுதல் நாள் நிற்கும், பிந்தியது குறைந்த நாளில் முடித்துக்கொள்ளும். ஐப்பசி இரவு ஒரு அளவுக்கு நீண்டதும் இரண்டும் சேர்ந்தே கதிர் வாங்கும். விஞ்ஞானி இதைக் குறும்பகல் பயிர் என்பார். விவசாயி பட்டம் என்பார். கஞ்சாவும் பழைய சம்பாவும் ஒரே வகைக் கடிகாரத்தில் ஓடுபவை. பட்டம் தவறி விதைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மலாக்காவில் நடந்த சோதனை ஒன்று உண்டு. அங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் வெறும் 14 நிமிடம். சியாம் 29 என்ற நெல் ரகம் அந்த 14 நிமிடத்தையும் விட்டுவைக்கவில்லை. செப்டம்பரில் விதைத்தது 161 நாளில் முடிந்தது. ஜனவரியில் விதைத்தது 329 நாள் எடுத்துக்கொண்டது. கடிகாரம் நம்மிடம் இல்லாத காலத்தில் இவ்வளவு துல்லியத்தை வயல் தனக்குள் வைத்திருந்தது என்பது எனக்கு இன்னும் நம்ப முடியாத சங்கதி.

1966-இல் வந்த ஐ.ஆர்.8 இந்தக் கடிகாரத்தைப் பொருட்படுத்தாத நெல். விதைத்த நாளிலிருந்து நாளெண்ணி முடிக்கும். ஒரே வயலில் குறுவை, தாளடி என்று மாறி மாறி நடுவதற்கு அது பெரிய வசதி. இழந்தது, எப்போது விதைத்தாலும் மழை ஓய்ந்த பிறகே பால் பிடித்து முற்றும் பாதுகாப்பை.

பால்கனிக்குத் திரும்பலாம். இந்த இரவுக் கணக்கைத் தொட்டியில் பார்க்க ஆசைப்படுகிறவர் சிறைக்குப் போக வேண்டியதில்லை. சாமந்தி போதும், கிறிஸ்துமஸ் சமயத்தில் நர்சரியில் விற்கும் பாயின்செட்டியா இன்னும் நல்லது. இரண்டும் நீண்ட இரவு வேண்டும் செடிகள். திருப்பாதிரிப்புலியூரில் நண்பர் வீட்டு முதல் மாடியில் பாயின்செட்டியா ஒன்று இருக்கிறது. எதிரே எல்.இ.டி. தெருவிளக்கு. மார்கழியில் போய்ப் பார்த்தால் சுவர்ப்பக்கக் கிளைகளில் நுனி இலைகள் குங்குமச் சிவப்பு; விளக்கைப் பார்த்த கிளைகள் ஆனி மாதத்துப் பச்சையிலேயே நின்றன. ‘மண்ணு சரியில்லையோ?’ என்று அந்த வீட்டு அக்கா கேட்டார். மண் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். கோலார், சிக்கபள்ளாபூர் பக்கம் சாமந்தி விவசாயிகள் இதையே தொழிலாக்கி, இரவில் வயல் முழுக்க பல்பு எரியவிட்டுப் பூவைத் தள்ளிப்போட்டு, பண்டிகைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள்.

கடலூர்க் கரைக்கு இன்னொரு குணமும் உண்டு. நம் ஊரில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். இரவு நீளும் காலமும் அதுவே. அடர்த்தியான பூங்கொத்து விடும் எந்தச் செடிக்கும் அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-இல் அறிக்கை கொடுத்தது. அதில் சென்னை மாகாணத்தின் சாகுபடி இடங்களாக வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலையும் கிருஷ்ணா மாவட்டமும் வருகின்றன. சோழமண்டலத்தின் தென்கரை அந்த வரிசையில் பெயர் எடுக்காததற்கு மழையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

ஆனால் இந்தச் செடியின் பெயர்க் கதையில் நம் கரைக்கு இடம் உண்டு. லின்னேயஸ் 1753-இல் ஐரோப்பாவின் நார்ச்செடியைப் பார்த்து கன்னாபிஸ் சட்டைவா என்றார். 1785-இல் லாமார்க், இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளை வைத்து, இது வேறு செடி, தண்டு கெட்டி, நாருக்கு உதவாது, போதை தருவது என்று இண்டிகா என்ற இனத்தைப் பிரித்தார். மாதிரிகளைக் கொடுத்தவர் பியர் சொன்னரா. புதுச்சேரியில் வாழ்ந்து, இக்கரையெல்லாம் சுற்றித் திரிந்த பயணி. இன்றைக்கு உலகச் சந்தையில் மெல்லிலை கொண்ட வெப்பமண்டல ரகத்தை சட்டைவா என்றும், ஆப்கானிஸ்தானத்து அகல இலைக் குட்டைச் செடியை இண்டிகா என்றும் விற்கிறார்கள். லாமார்க்கிடம் இருந்ததோ இந்தியாவின் மெல்லிலைச் செடி. ஆக வியாபாரியின் சட்டைவா, அவர் கணக்கில் இண்டிகா. 1976-இல் ஸ்மால், கிரான்குவிஸ்ட் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் எல்லாம் ஒரே இனம்தான் என்று சொல்லி, போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேலா கீழா என்று ஒரு கோடு போட்டார்கள். பல நாட்டுச் சட்டங்களில் இன்றும் இருப்பது அந்தக் கோடு.

இலையை வைத்து மட்டும் யாரையும் மாட்டிவிடக் கூடாது. புளிச்சைச் செடியின் இலை இதைப் போலவே பிரிந்திருக்கும். மரவள்ளியையும் தூரத்திலிருந்து பார்த்தால் குழப்பம் வரும். தடய அறிவியல் ஆய்வகத்தில் இலையை நுண்ணோக்கியின் கீழ் வைப்பார்கள். மேற்பரப்பில் கொக்கியாக வளைந்த குட்டை ரோமங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளி சுண்ணாம்பு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக் குமிழி விடும். பெண்பூவின் உறையிலோ காம்புள்ள குட்டிக் குமிழ்கள் வரிசை கட்டி நிற்கும்; பிசின் ஊறுவது அங்கே. 1964-இல் இஸ்ரேலில் கயோனியும் மெஷூலமும் டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்தது அந்தப் பிசினிலிருந்து.

நாருக்கும் விதைக்கும் அரசு அனுமதியோடு வளர்க்க 1985 சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. உத்தராகண்ட் 2018-இல் அதைத் திறந்தது; ஹிமாச்சல் அமைச்சரவை 2025 ஜனவரியில் முன்னோட்ட ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டிலும் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம், குறுக்கே நிற்பது மறுபடியும் இரவுதான். நார் நீளமாக வேண்டுமானால் பூப்பதற்கு முன் செடி ஆளுயரம் தாண்ட வேண்டும். 0.3 சதவீதக் கோட்டுக்குள் நிற்கும் நார் ரகங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய நெடும்பகலில் உருவானவை. இங்கே குட்டையாகவே பூத்துவிடும். நம் அட்சரேகையில் நின்று வளரும் நாட்டு ரகங்களோ அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியவை. ஒன்றின் கடிகாரத்தையும் மற்றதன் சாதுவான பிசினையும் ஒரே விதையில் சேர்க்கும் வேலை பாக்கி. அதற்குள் நார் தேவைப்பட்டால், பசுந்தாள் உரத்துக்கென்று விவசாயி விதைத்து மடக்கி உழும் சணப்பு, எந்த உரிமமும் கேட்காமல் ஆளுயரம் வளர்கிறது.