நீந்தும் எலியும் சோர்ந்த மனமும்

மனச்சோர்வுக்கு மருந்தாகுமா நீர்ப்பிரம்மி? எலிகளிடம் பலித்தது. மனிதர்களிடம் இன்னும் நிரூபணமாகவில்லை.

கண்ணாடி ஜாடியில் தண்ணீர். அதில் விடப்பட்ட எலிக்குத் தரை எட்டவில்லை. சுவரில் ஏறவும் வழியில்லை. சில நிமிடங்கள் காலை உதைத்து நீந்துகிறது. பிறகு மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி அசையாமல் மிதக்கிறது. மனச்சோர்வு மருந்து கொடுக்கப்பட்ட எலி அவ்வளவு சீக்கிரம் ஓய்ந்துவிடுவதில்லை. பிரான்சில் போர்சோல்ட் குழுவினர் 1977இல் வெளியிட்ட இந்தச் சோதனை, புதிய மருந்துகளுக்கான வடிகட்டியாகப் பல ஆய்வுக்கூடங்களில் இன்றும் பயன்படுகிறது.

அந்த வடிகட்டியில் தேறியிருக்கிறது நீர்ப்பிரம்மி. ஈரநிலத்தில் படரும் சிறு செடி. ஆயுர்வேதத்தில் நினைவாற்றலுக்குப் பேர்போனது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் சாற்றை, உடல் எடையில் கிலோவுக்கு 20, 40 மி.கி. வீதம் ஐந்து நாள் எலிகளுக்குக் கொடுத்தார்கள். 2002இல் வெளியான முடிவு: பலன், இமிப்ரமின் என்ற பிரபல மருந்துக்கு ஈடானது.

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் தாலுகாவில் இந்தக் கதையின் இரு முனைகளையும் பார்க்கலாம். ஒரு முனை, ஓசூர் சாலையில் வீரசந்திராவில் இயங்கும் நேச்சுரல் ரெமெடீஸ் என்ற மூலிகை நிறுவனம். தனது நீர்ப்பிரம்மிச் சாறு எலிகளுக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்ற ஆய்வை அதன் விஞ்ஞானிகள் 2007இல் வெளியிட்டனர். கிலோவுக்கு 500 மி.கி. வீதம் தினமும் 90 நாள் கொடுத்தும் கெடுதல் தெரியவில்லை. ஆனால் ஒரே வேளையில் 2,400 மி.கி. என்பது பாதி எலிகளைக் கொல்லும் அளவு. மூலிகைக்கும் அளவு உண்டு.

மறுமுனை, சகலவாரா கிராமம். நிம்ஹான்ஸ் மருத்துவமனை 1970களில் கிராமப்புற மனநலப் பணியைத் தொடங்கிய இடம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களே மனநோயைக் கண்டறிந்து சிகிச்சை தர முடியும் என்ற எண்ணம் இங்கு சோதித்துப் பார்க்கப்பட்டது. தேவை பெரிது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்த இந்தியர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வால் அவதிப்பட்டிருக்கிறார். பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை.

இவர்களுக்கு நீர்ப்பிரம்மியைக் கொடுத்துவிடலாமா? அவசரம் கூடாது. எலி அசையாமல் மிதப்பது விரக்தியா, சக்தியைச் சேமிக்கும் சாமர்த்தியமா என்ற சர்ச்சை ஓயவில்லை. எலிக்குக் குற்ற உணர்வு உண்டா, சாக நினைக்குமா என்று சொல்லவும் ஆளில்லை. அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்குத் தினம் 300 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்த ஆய்வு 2008இல் வெளியானது. சோர்வின் அளவு குறைந்தது உண்மை. ஆனால் ஆய்வை முடித்தவர்கள் 48 பேர்தான். மனச்சோர்வு நோயாளிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அல்லர்.

பெயரிலும் குழப்பம். கர்நாடகத்தில் பிராமி என்றால் பலருக்கு ஒந்தெலகா, அதாவது நம் வல்லாரை. அது வேறு செடி.

மூலிகைதானே என்று நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. அப்படி நிறுத்தினால் நோய் திரும்பலாம். உயிருக்கே உலை வைக்கலாம். எலியை ஜாடியிலிருந்து தூக்கிவிட ஆய்வாளர் அருகிலேயே நிற்கிறார். சோர்ந்த மனிதருக்கும் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.