பழைய ஹிமாலயன் பைக் வாங்கப் போறீங்களா? முதல்ல 'கழுத்தை' பாருங்க!

கோவை:
வால்பாறை, ஊட்டி என்று மலையேறும் ஆசையில் கோவை இளைஞர்கள் பலர் பழைய ராயல் என்பீல்டு ஹிமாலயன் பைக்கை தேடி அலைகிறார்கள். பளபள டேங்க்கை பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு தலையில் கை வைப்பவர்களும் உண்டு.

411 சி.சி. ஹிமாலயன் 2016-ல் வந்தது. 2023 நவம்பரில் புது 450 அறிமுகமானதும் இதன் தயாரிப்பு நின்றது. எனவே இனி பழைய வண்டிதான்.

சேஸ்:
ஆரம்பத்தில் வந்த கார்புரேட்டர் வண்டிகளில் ஹேண்டில்பாருக்கு கீழே, கழுத்துப் பகுதியில் சேஸ் விரிசல் விடுவதாக புகார் எழுந்தது. டார்ச் அடித்து வெல்டிங்கை பாருங்க. அங்கே மட்டும் புது பெயிண்ட் இருந்தால் உஷார்!

கோன் செட்:
சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தை தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாக திருப்புங்க. நடுவில் 'டக்'கென்று நின்றால் கோன் செட் போச்சு. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இந்த வண்டி சொன்ன பேச்சு கேட்காது.

என்ஜின்:
ஆறிய என்ஜினை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. லேசான டேப்பட் சத்தத்தை அட்ஜஸ்ட் செய்துவிடலாம். புகை வந்தால் செலவுதான்.

ஆர்.சி.:
கடன் பாக்கி இருந்தால் படிவம் 35, பேங்க் என்.ஓ.சி. இல்லாமல் பணம் தராதீங்க. படிவம் 29, 30 கொடுத்து பெயரை உடனே மாத்துங்க. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்கு பொறுப்பு என 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது. விற்றவருக்கும் தப்பில்லை!