பிள்ளைகள் இல்லாத நகரில் நம் பிள்ளைகள்

இஷா தொழுதுவிட்டு வீடு திரும்புகிறார் வாப்பா. மகனின் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. உள்ளேயிருந்து துப்பாக்கி வெடிக்கும் ஓசையும், கார்கள் மோதும் சத்தமும், யாரோ அலறும் குரலும் கேட்கின்றன.

"என்ன மகனே அது?" என்று வெளியிலிருந்தே கேட்கிறார்.

"ஒன்றுமில்லை வாப்பா, விளையாட்டுதான்!"

வாப்பா நிம்மதியாக உணவருந்தச் சென்றுவிடுகிறார்.

'விளையாட்டுதான்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் நாம் ஏமாந்து போகிறோம். பம்பரமும் கோலிக்குண்டும் ஆடி வளர்ந்த நமக்கு, விளையாட்டு என்றாலே அது பிள்ளைகளுக்கு உரியது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் வயது வந்தோருக்கென்றே உருவாக்கப்படும் வீடியோ விளையாட்டுகளும் உண்டு. அவற்றுள் உலகெங்கும் பெயர் பெற்றது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5'. பிள்ளைகள் சுருக்கமாக 'ஜி.டி.ஏ.' என்பார்கள். அதைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே காண்போம்.

எத்தகைய விளையாட்டு இது?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலுள்ள ராக்ஸ்டார் நார்த் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு, 2013 செப்டம்பர் 17 அன்று வெளியாயிற்று. மூன்றே நாட்களில் அதன் விற்பனை 100 கோடி டாலரை எட்டியது. இதுவரை 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாகியுள்ளன.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒட்டி அமைக்கப்பட்ட 'லாஸ் சாண்டோஸ்' என்னும் கற்பனை நகரமே இதன் களம். மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர் என்ற மூன்று குற்றவாளிகளின் வேடத்தை ஆடுபவர் மாறி மாறி ஏற்க வேண்டும். கொள்ளைகளை மையமாகக் கொண்டு கதை நகர்கிறது. கதையை விட்டு விலகி, நகரெங்கும் மனம்போல் சுற்றித் திரியவும் முடியும். இதைத்தான் 'திறந்த உலகம்' என்கிறார்கள்.

ஓட்டுநரை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் காரைப் பறித்துச் செல்லலாம். சாலையில் செல்வோரைச் சுடலாம். சுட்டால் திரையின் மூலையில் நட்சத்திரங்கள் தோன்றும், காவலர்கள் துரத்துவார்கள். சற்று நேரம் அவர்கள் கண்ணில் படாமல் இருந்தால் நட்சத்திரங்கள் மறைந்துவிடும். இறந்துபோனாலோ மருத்துவமனை வாயிலில் மீண்டும் எழுந்து நிற்கலாம்; கையிருப்பில் சிறிது பணம் குறையும். தண்டனை அவ்வளவுதான்!

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் இதை விரும்புவது கொலை செய்யும் ஆசையினால் மட்டும் அல்ல. மலையுச்சியிலிருந்து சைக்கிளில் இறங்கலாம், விமானம் ஓட்டலாம், கடலுக்கடியில் நீந்தலாம். அந்தச் சுதந்திரமே அவர்களை ஈர்க்கிறது. இதை உணராமல் கண்டிக்கும் பெற்றோரின் சொல் எடுபடாது.

உறையின் மீதுள்ள எச்சரிக்கை

அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளைத் தரம் பிரிக்கும் ஈ.எஸ்.ஆர்.பி. அமைப்பு, இதற்கு 'எம்' முத்திரையை இட்டுள்ளது. 17 வயதுக்கு மேற்பட்டோருக்கே உரியது என்பது அதன் பொருள். ஐரோப்பாவின் 'பெகி' அமைப்பு 18 என்று குறித்துள்ளது. கடும் வன்முறை, இரத்தம், நிர்வாணம், பாலியல் காட்சிகள், ஆபாசப் பேச்சு, போதைப் பொருள், மது என்று காரணங்களும் கூறப்பட்டுள்ளன. நிர்வாண நடன விடுதி ஒன்றும் அந்நகரில் உண்டு.

கதையின் ஓரிடத்தில், கட்டி வைக்கப்பட்ட ஒரு மனிதனைச் சித்திரவதை செய்ய வேண்டும். பல்லைப் பிடுங்குவதா, மின்சாரம் பாய்ச்சுவதா என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுத்துத் தம் கையாலேயே செய்ய வேண்டும். அது முடிந்த பின், சித்திரவதையால் உண்மை வெளிவராது என்று அந்தப் பாத்திரமே ஏளனமாகப் பேசுகிறது. அரசுகளின் கொடுமையை நையாண்டி செய்வதாக வளர்ந்தவர் இதைப் புரிந்துகொள்ளக்கூடும். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மனத்தில் நையாண்டி தங்குமா, குறடு தங்குமா?

2014 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்கெட், கேமார்ட் கடைகள், பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்து எழுந்த எதிர்ப்பின் காரணமாக இதன் விற்பனையை நிறுத்தின என்பதும் குறிப்பிடத்தக்கது.

பணமும் சூதும்

2013 அக்டோபர் முதல் இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் 'ஜி.டி.ஏ. ஆன்லைன்' என்ற பகுதியும் இருக்கிறது. இங்கே முன்பின் அறியாத பெரியவர்களுடன் பிள்ளை பேச நேரிடும். 'ஷார்க் கார்டு' என்ற பெயரில் உண்மையான பணத்தைக் கொடுத்து விளையாட்டுப் பணம் வாங்கலாம். 2019 ஜூலையில் அந்நகரில் ஒரு சூதாட்ட விடுதியும் திறக்கப்பட்டது. விளையாட்டுப் பணத்தைக் கொண்டு அங்கே சூதாடலாம். சில நாடுகளில் இதற்கு அனுமதியில்லை. நம் வாசலை மிதிக்கவிடாத சூது, பிள்ளையின் அறைக்குள் விளையாட்டாக நுழைந்துவிடுகிறது.

கொலைகாரனாகிவிடுவானா?

இப்படி அஞ்சும் பெற்றோர் உண்டு. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானம், வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுச் செயல்களுக்கும் சிறு தொடர்பு இருப்பதாகக் கூறியது. ஆனால் கொடுங்குற்றங்களுக்கு இவ்விளையாட்டுகளைக் காரணமாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றும் தெளிவுபடுத்தியது. எனவே மிகைப்படுத்தி மிரட்ட வேண்டாம். அவன் கொலைகாரன் ஆகமாட்டான் என்பதற்காக, பத்து வயதில் இவற்றையெல்லாம் பார்க்கலாம் என்றும் ஆகிவிடாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலில், அரைமணி நேரம் பிள்ளையின் அருகில் அமருங்கள். "எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். எதைக் காட்டத் தயங்குகிறான் என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

விளையாட்டு வாங்கும்போது வயது முத்திரையைப் பாருங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, உண்மையான வயதைப் பதியுங்கள். வயதுக்கு மீறிய விளையாட்டுகளையும், அந்நியருடன் பேசுவதையும், பணம் செலவிடுவதையும், ஆடும் நேரத்தையும் அதில் கட்டுப்படுத்தலாம். உங்கள் வங்கி அட்டையின் எண்ணை அதில் பதிந்து வைக்காதீர்கள்.

'ஜி.டி.ஏ. 5'ஐ அந்நிறுவனம் கைப்பேசிக்கென்று வெளியிடவில்லை. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம் என்று வரும் விளம்பரங்கள் போலியானவை. அவற்றால் கைப்பேசிக்கே கேடு விளையலாம்.

நம் வீட்டில் இல்லையென்று இருந்துவிடவும் கூடாது. பெரியவாப்பா வீட்டுக் காக்காவின் கம்ப்யூட்டரில் இருக்கலாம். யூடியூபில் தமிழ் வர்ணனையுடனும் காணக் கிடைக்கிறது. உறவினரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள்.

தடுப்பதோடு நிறுத்தாமல் மாற்றும் கொடுங்கள். கார் ஓட்டும் ஆசைக்கு 'ஃபோர்ஸா ஹொரைசன் 5' இருக்கிறது. அதுவும் திறந்த உலகம்தான், பெகி குறித்த வயது 3. சுற்றித் திரிந்து கட்டி எழுப்பும் ஆசைக்கு 'மைன்கிராஃப்ட்' இருக்கிறது, வயது 7.

ஏன் வேண்டாம் என்கிறோம் என்ற காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் சொல்லாத தடை, கதவைச் சாத்திக்கொள்ளத்தான் கற்றுக்கொடுக்கும்.

இறுதியாக ஒன்று. லாஸ் சாண்டோஸ் நகரின் தெருக்களில் முதியோர் உண்டு, பெண்கள் உண்டு, நாய் பூனைகளும் உண்டு. ஆனால் ஒரு குழந்தையைக்கூடக் காண முடியாது. அந்நகரைப் படைத்தவர்களே அங்கே பிள்ளைகளை நடமாட விடவில்லை. நாம் மட்டும் நம் பிள்ளையைத் தனியே அங்கு அனுப்பிவிட்டு, வெளியே அமர்ந்து உணவருந்திக் கொண்டிருக்கலாமா?

இன்றிரவு அந்தக் கதவைத் தட்டுங்கள். உள்ளே சென்று அவன் அருகில் அமருங்கள்.