விமானம் ரத்தானால் மதுரைப் பயணிக்கு என்ன கிடைக்கும்?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நாடெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. மதுரைப் பயணிகளும் தவித்தார்கள். முதன்மைக் காரணம் விமானிகள் பற்றாக்குறை. விமானிகளுக்கு வாரம் 48 மணி நேர ஓய்வு என்ற விதியை விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே வெளியிட்டிருந்தும் நிறுவனம் தயாராகவில்லை. பிறகு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதில் பயணிக்குப் பங்கில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு அறிவித்த 10,000 ரூபாய் கூப்பனும் அதே நிறுவனத்தில் மறுபடி பறப்பதற்குத்தான்.

டிஜிசிஏ விதிப்படி, முன்தகவல் தராமல் ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ தருவதோடு இழப்பீடும் தரவேண்டும். மதுரை–சென்னை போல ஒன்று முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அது 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. முன்கூட்டியே மலிவாக டிக்கெட் எடுத்தவருக்கு இழப்பீடும் சுருங்கிவிடுகிறது. தவறிய நேர்காணலுக்கும் தள்ளிப்போன அறுவை சிகிச்சைக்கும் அந்தக் கணக்கு பொருந்துமா? தாமதத்துக்கோ இழப்பீடே கிடையாது: சென்னை விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம். பெருநகரத்தில் அடுத்த விமானம் எளிதில் கிடைக்கும். மதுரையில் அப்படியில்லை, திருப்பித் தந்த பணத்தோடு 130 கிலோமீட்டர் தள்ளித் திருச்சிக்கு ஓடவேண்டும், இல்லாவிட்டால் நிரம்பி வழியும் ரயிலில் இடம் தேடவேண்டும்.

இதைவிடப் பெரிய குறை விதிவிலக்கில் இருக்கிறது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் என்றால் இழப்பீடு தரவேண்டியதில்லை. வெள்ளம், கலவரம் சரி; அந்தப் பட்டியலில் வேலைநிறுத்தமும் அரசு உத்தரவும் உண்டு. ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பே தெரிந்த ஓய்வு விதிக்கு ஆள் சேர்க்காதது நிறுவனத்தின் நிர்வாகத் தவறு. அதை இந்த விலக்குக்குள் நுழைய விடவே கூடாது. இழப்பீட்டைக் கூட்டினால் டிக்கெட் விலை ஏறும், களைத்த விமானியையும் பறக்கச் சொல்வார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். களைப்பைத் தடுப்பது ஓய்வு விதி. இழப்பீடு அதை மீறச் சொல்லவில்லை, போதிய விமானிகளை வைத்துக்கொள்ளத் தூண்டுகிறது. விலையைப் பொறுத்தவரை ஐரோப்பாவைப் பார்க்கலாம். அங்கே 2005 முதல், டிக்கெட் எவ்வளவு மலிவானாலும், திடீர் ரத்துக்கு 250 யூரோவிலிருந்து இழப்பீடு தொடங்குகிறது. 2009-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மூன்று மணி நேரத் தாமதத்துக்கும் அது உண்டு. சொந்த ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைக் காட்டித் தப்ப முடியாது என்று 2021-இல் அதே நீதிமன்றம் சொன்னது. மலிவுக் கட்டண நிறுவனமான ரயன்ஏர் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இவ்வளவு வளர்ந்தது.

விதி திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் நிறுவனத்திடமும், பிறகு அரசின் ஏர்சேவா தளத்திலும் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், மதுரைக்காரர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. ரத்து பற்றி வந்த குறுஞ்செய்தி, போர்டிங் பாஸ், மாற்று டிக்கெட், டாக்சி, ஓட்டல் ரசீதுகள் எல்லாவற்றையும் அதுவரை பத்திரமாக வைத்திருக்கவேண்டும்.